பட்டனைத் தட்டினால் பின் சீட்டில் வெளிச்சம்!

திருச்சிப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது வெளிநாடு கிளம்பினால் அவரைத் தனியாக அனுப்ப மாட்டார்கள். ஒரு வேன் நிறைய ஆள் வரும். போகிறவர் ஒருத்தர், வழியனுப்புகிறவர்கள் பதினேழு பேர். அதில் நாலு குழந்தைகள். ரெண்டு பேர் எதற்கு வந்தோம் என்றே தெரியாமல் சும்மா காற்றாட வந்தவர்கள். புதுக்கோட்டை, தஞ்சாவூர், பெரம்பலூர், சிவகங்கை என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் இப்படி வேன் வேனாக வந்து இறங்குவதால் நம்ம ஏர்போர்ட் எப்போதும் கல்யாண மண்டபம் மாதிரிதான் இருக்கும். தாலி கட்டுகிற நேரத்தில் அழுவது மட்டும் இங்கே வாசலிலேயே நடந்துவிடும்.

சென்னை, டெல்லிக்குப் பறக்கிறவர்களைவிட சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய், சார்ஜா என்று கடல் தாண்டிப் போகிறவர்கள்தான் இங்கே அதிகம். இந்தியாவில் இப்படிப்பட்ட விமான நிலையங்கள் சொற்பம். கவுன்ட்டர் பக்கத்தில் நின்றால், 'தம்பி, பேனா இருக்கா?' என்று ஒரு குரல் கேட்கும். கொடுத்தால் பேனா திரும்பி வராது, ஃபாரம்தான் வரும். 'நீங்களே எழுதிக் குடுத்துருங்க தம்பி!' வெளிநாடு கிளம்பும் இந்தியர்கள் பூர்த்தி செய்து தரவேண்டிய அந்தச் சீட்டை 2017 ஜூலை 1-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். என் பேனாக்கள் பிழைத்தன.

2024 ஜனவரி 2-ஆம் தேதி புது டெர்மினலைத் திறந்து வைத்தார்கள். அந்த ஜூன் மாதத்திலிருந்து விமானங்களெல்லாம் அங்கேதான். கோபுரமும் கோலமுமாக வண்ணம் தீட்டி, ஸ்ரீரங்கத்தைப் பார்க்காமல் விமானம் ஏறுகிறவர்களுக்குக்கூட ஒரு தரிசனம் காட்டிவிடுகிறார்கள். உள்ளே பளபளவென்று அப்படி ஒரு வெளிச்சம். தரையில் விழுந்த ஊசியைத் தேடி எடுத்து, நூலும் கோத்துவிடலாம்!

ஊரே அப்படித்தான் சார். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஸ்ரீரங்கத்திலிருந்து ஏர்போர்ட்டுக்கு ஒரு டாக்ஸியில் வந்து பாருங்கள். முதலில் பின்பக்கக் கண்ணாடியில் ராஜகோபுரம்... 13 நிலை, 236 அடி, 1987-ல் கட்டி முடித்தது. காவிரிப் பாலத்தில் ஏறினால் எதிரே மலைக்கோட்டை உச்சியில் பிள்ளையாரின் விளக்கு. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பூக்கடை பல்ப், டீக்கடை டியூப் லைட். டி.வி.எஸ். டோல்கேட் தாண்டி புதுக்கோட்டை ரோட்டில் வரிசையாக சோடியம் விளக்கோ எல்.ஈ.டி.யோ ஏதோ ஒன்று. இத்தனை வெளிச்சத்தையும் தாண்டி வந்து, விமானத்துக்குள் ஏறி உட்கார்ந்து, தலைக்கு மேல் இருக்கிற ஒரே ஒரு குட்டி விளக்கு எரியவில்லை என்றால் எப்படி இருக்கும்?

எப்படி இருக்கும் என்று பார்த்தவன் நான். அதுவும் பிசினஸ் கிளாஸில்!

'உனக்கு எப்படிய்யா பிசினஸ் கிளாஸ்?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கூடப் படித்தவன் ஒருத்தன் வெளிநாட்டில் கம்பெனி நடத்துகிறான். அதன் வெள்ளிவிழா மலரை எழுதித் தர என்னைக் கூப்பிட்டான். காசு தருவதற்குப் பதில் அவனிடம் சேர்ந்து கிடந்த பாயின்ட்டுகளில் டிக்கெட் போட்டுவிட்டான். (மலர் எழுதின காசு இன்னும் வரவில்லை. அது தனிக் கட்டுரை!) எந்த விமானக் கம்பெனி, எந்த ஊர் என்றெல்லாம் கேட்காதீர்கள். விளக்கைப் பற்றிப் பேச வந்தால் விளக்கைப் பற்றி மட்டும் பேச வேண்டும்.

முன்பக்கம் பக்கத்துக்கு ரெண்டு ரெண்டாக அகலமான சீட்டுகள். ஜன்னலோரத்தில் மடிசார் இல்லை, சாதாரண ஒன்பது கஜமும் இல்லை, மகள் வயசுப் பெண்கள் போடுகிற சுடிதார் போட்டுக்கொண்டு கூச்சத்தோடு ஒரு மாமி. எழுபதுக்கு மேல் இருக்கும். துப்பட்டாவை மட்டும் புடவைத் தலைப்பு மாதிரி இழுத்துப் போர்த்தியிருந்தார்.

"ஏண்டாப்பா அம்பி, நோக்கு எந்த ஊர்?"

"உறையூர், மாமி."

"சரியாப் போச்சு, ஆத்துக்கு அந்தக் கரை! நான் உத்திர வீதி. முட்டியை மடக்க முடியாதுன்னு பையன் இதுல போட்டுட்டான். நடுவுல எங்கேயோ எறங்கி வேற ப்ளேன் மாறணுமாம். அதெல்லாம் எழுதி அனுப்பிச்சிருக்கான். ஏறி உக்காந்தப்புறம் பிரிச்சுப் படின்னான்."

கையில் ஒட்டின கவர். பையன் மெயிலில் அனுப்பினதை மச்சினர் பிள்ளை பிரின்ட் எடுத்து, ஒட்டி, கிளம்பும்போது கொடுத்தானாம். மாமி கவரைப் பிரித்து, மூக்குக் கண்ணாடியை மாட்டி, நாலு பக்கத்தையும் நீவி மடியில் வைத்துக்கொண்ட அதே நொடியில்... பொசுக்கென்று உள்விளக்கெல்லாம் அணைந்தது.

ராத்திரியில் விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் இப்படி அணைப்பது சிக்கனத்துக்காக இல்லை. நம் கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஏதாவது ஆபத்தென்று அவசரமாக வெளியே ஓட வேண்டி வந்தால், வெளிச்சத்திலிருந்து திடீர் இருட்டுக்குள் குதித்தவன் தடுமாறுவான். அதனால் முன்கூட்டியே பழக்கிவிடுகிறார்கள். 'படிக்க விரும்புகிறவர்கள் தலைக்கு மேலுள்ள விளக்கைப் போட்டுக்கொள்ளலாம்' என்று அறிவிப்பும் செய்வார்கள். செய்தார்கள்.

மாமி கைப்பிடியில் இருந்த பட்டனைத் தட்டினார். இருட்டு. மறுபடி தட்டினார். இருட்டு. நான் என் பட்டனைத் தட்டினேன். என் விளக்கு எரிந்தது... அணைந்தது... எரிந்தது... சாவு வீட்டு சீரியல் பல்ப்கூட அப்படித் துடித்ததில்லை. மூணு நிமிஷம் பார்த்ததிலேயே தலைவலி வந்து அணைத்துவிட்டேன்.

பணிப்பெண் வந்தார். தமிழ்ப் பெண். எங்கேயோ போய் எதையோ அணைத்துப் போட்டுப் பார்த்தார். ஊஹூம். "சாரி மேடம், சீட்டெல்லாம் ஃபுல். மாத்திக் குடுக்கவும் வழியில்ல" என்றார்.

'மொபைல் டார்ச் இல்லையா?' என்று அறிவாளிகள் கேட்பீர்கள். இருந்தது. மாமியின் மொபைல் அவர் பையன் உத்தரவுப்படி அணைக்கப்பட்டு, பைக்குள் பை, அதற்குள் பை என்று மேலே போய்விட்டது. என் மொபைலில் எட்டு சதவிகிதம் சார்ஜ். அதை ஒரு கையில் தூக்கிப் பிடித்தேன். மாமிக்கோ எழுத்து ஆடுகிறது. "கையை ஆட்டாதேடாப்பா!" என்றார். நான் ஆட்டவில்லை. விமானம் ஆடியது. கடைசியில், "நீயே படிச்சுச் சொல்லு" என்று காகிதத்தை என்னிடம் தந்துவிட்டார்.

படித்தேன். முதல் பக்கம் முழுக்க எச்சரிக்கைகள். சாப்பாடு சைவம் என்று சொல்லியாச்சு, ஆனாலும் ஒரு தடவை கேள். பாத்ரூம் கதவு நடுவில் தள்ளினால்தான் மடியும். காது அடைத்தால் எச்சில் முழுங்கு. ரெண்டாவது பக்கம், மாறுகிற ஊர் சமாச்சாரம். இறங்கினதும் கூட்டத்தோடு போகாதே, அவர்களெல்லாம் ஊருக்குள் போகிறவர்கள். வீல்சேர்காரர் பெயர் எழுதின அட்டையோடு நிற்பார். பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுக்காதே, கேட்டால் கொடு!

"இதென்னடா, குடுக்கணுமா வேண்டாமா?" என்றார் மாமி. ரெண்டு பேரும் சிரித்தோம்.

மூணாவது பக்கம். 'அம்மா, இதை போன்ல சொல்ல எனக்கு தைரியம் வரலை...'

நான் நிறுத்திவிட்டேன். "மாமி, இது உங்களுக்கு மட்டும் எழுதினது" என்றேன். மாமி ஒரு வார்த்தை பேசவில்லை. காகிதத்தை வாங்கி, மடித்து, மடியில் வைத்துக்கொண்டார். அந்த இருட்டில் கை மட்டும் மறுபடி பட்டனுக்குப் போனது. டொக். டொக். டொக்.

அப்போதுதான் கவனித்தேன். மாமி ஒவ்வொரு தடவை தட்டும்போதும் பின் சீட்டுக்காரர் தலைக்கு மேல் பளிச்! பளிச்! அவர் கண்ணுக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். காலண்டர் சாமிக்குப் பின்னால் ஒளிவட்டம் வருமே, அப்படி வந்து வந்து போனது.

நான் பி.காம். படித்ததற்கு அன்றைக்குத்தான் ஒரு பலன் கிடைத்தது. ஒரு பக்கம் டெபிட் விழுந்தால் இன்னொரு பக்கம் கிரெடிட் விழுந்தே ஆக வேண்டும். மாமியின் பட்டன் அவர் விளக்குக்குப் போகிறதென்றால், அவர் பட்டன் எங்கே போகும்? பணிப்பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் தூங்குகிறவர் கை படாமல், பூனை மாதிரி எட்டி அந்தப் பட்டனை அமுக்கினார். மாமியின் மடியில் வட்டமாக, பால் மாதிரி வெளிச்சம் விழுந்தது!

நான் அந்தப் பக்கம் திரும்பித் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். காகிதம் திரும்புகிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கழித்து மறுபடி கேட்டது. அப்புறம் இன்னும் ரொம்ப நேரம் கழித்து மாமி கூப்பிட்டார்.

"அம்பி, தூங்கிட்டியா? உத்திர வீதியில இப்ப கிரவுண்டு என்ன விலை போறதுன்னு தெரியுமோ?"

"தெரியாதே, மாமி."

"தெரியாமயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்குகிற வரைக்கும் அந்த வட்டம் அவர் மடியில் விழுந்தபடி இருந்தது. அவர் அணைக்கவில்லை. அணைக்கிற பட்டன் அவரிடம் இல்லையே!

ஊர் திரும்பியதும் இந்தக் கதையை எங்கள் மாடி வீட்டு மாமாவிடம் சொன்னேன். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் எலெக்ட்ரிக்கல் பிரிவிலிருந்து ரிட்டயர் ஆனவர். பொன்மலை என்றால் சும்மா இல்லை. 1920-களில் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்த பணிமனை அது. ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி இன்ஜினே செய்து கொடுத்திருக்கிறார்கள். ரயில் பெட்டி விளக்குக்கென்றே 'டிரெயின் லைட்டிங்' என்று தனி ஆட்கள் ரயில்வேயில் உண்டு. அந்தக் காலத்தில் சக்கரம் சுற்றுகிற வேகத்தில்தான் பெட்டிக்குக் கீழே இருக்கிற டைனமோ சுற்றி, பேட்டரிக்கு சார்ஜ் ஏறும். வண்டி நின்றால் பேட்டரிதான் கதி.

மாமா முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அதுக்கு முன்னாடி அந்த சீட்டுல உக்காந்தவன் என்ன பண்ணினான்?"

யோசித்துப் பாருங்கள். விளக்கு மாமிக்காக அன்றைக்குப் புதிதாகக் கெட்டிருக்க முடியாது. ஒரு பட்டன் இன்னொரு சீட்டோடு மாறி இணைந்திருக்கிறதென்றால், யாரோ கழற்றி மாட்டின நாளிலிருந்து அது அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு எத்தனை பேர் அங்கே உட்கார்ந்தார்களோ! எல்லோரும் ரெண்டு தட்டு தட்டியிருப்பார்கள். 'சரி, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்' என்று தூங்கியிருப்பார்கள்.

விமானத்தில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. எது எது பழுதாக இருந்தாலும் விமானம் கிளம்பலாம், எத்தனை நாளைக்குள் சரி செய்ய வேண்டும் என்று ஒரு பட்டியல் புத்தகம் உண்டு. 'மினிமம் எக்யுப்மென்ட் லிஸ்ட்' என்பார்கள். அதில் 'பி' வகைப் பழுதுக்கு 3 நாள் கெடு, 'சி' வகைக்கு 10 நாள், 'டி' வகைக்கு 120 நாள். படிக்கிற விளக்கெல்லாம் பயணிகளின் வசதிக் கணக்கு. அது எரியாததற்காக எந்த விமானமும் நிற்காது; நிற்கவும் வேண்டாம். வந்து இறங்கிய விமானம் ஒரு மணி நேரத்தில் திரும்பக் கிளம்ப வேண்டும். அதற்குள் பெருக்கி, சாப்பாடு ஏற்றி, பெட்டி ஏற்றி, எண்ணெய் போட்டு... இதில் பல்பை யார் பார்ப்பது? கம்பெனியின் சொந்த ஊருக்குப் போன பிறகுதான் பார்க்க முடியும். அங்கே இருக்கிற மெக்கானிக் சீட் சீட்டாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். கேபினில் உள்ள குறைகளை எழுதுகிற நோட்டைப் பார்ப்பார். அதில் எழுதியிருந்தால் உண்டு. இல்லாவிட்டால் இல்லை.

பெரிய கோளாறு என்றால் சொல்லவே வேண்டாம். 2024 அக்டோபர் 11-ஆம் தேதி சாயங்காலம் ஞாபகம் இருக்கிறதா? திருச்சியிலிருந்து சார்ஜா கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. 141 பேரோடு ரெண்டு மணி நேரத்துக்கு மேல் நம்ம ஊரைச் சுற்றிச் சுற்றி வந்து எரிபொருளைக் குறைத்துக்கொண்டு, பத்திரமாக இறங்கியது. தமிழ்நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்து சாமி கும்பிட்டது. கீழே ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி என்று அத்தனையும் தயார். பெரிய கோளாறுக்கு ஊரே காவல். சின்னக் கோளாறுக்கு அந்த சீட்டில் உட்கார்ந்திருக்கிற ஒரே ஒரு ஆள்தான் காவல்!

சின்னதைப் பார்க்காமல் விட்டால் அது மொத்தமாகச் சேர்ந்து பெரிய பில்லாக வந்து நிற்கும். டாடா கைக்கு வந்த ஏர் இந்தியா, தன்னிடமிருந்த பழைய பெரிய விமானங்களில் 40-ஐ உள்ளே முழுக்கப் பிரித்துப் புது சீட், புதுத் திரை என்று மாற்றப் போவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது. செலவு? 40 கோடி டாலர்! அதிலும் போயிங் 787-கள் பிரிக்கப்படுவதற்குக் கிளம்பவே 2025 ஆகிவிட்டது. அதுவரைக்கும் உட்கார்ந்தவர்கள் பழைய சீட்டோடுதான் குடித்தனம் நடத்த வேண்டியிருந்தது.

மாடி வீட்டு மாமா இன்றைக்கும் ரயிலில் ஏறினால், பெட்டியைக்கூட வைக்காமல், முதலில் தன் பெர்த் விளக்கைப் போட்டுப் பார்ப்பார். எரியாவிட்டால் கோச் அட்டெண்டரைத் தேடிப் போய், பெட்டி நம்பர், பெர்த் நம்பர் சொல்லி, அவர் எழுதுகிற வரைக்கும் நகர மாட்டார். மாமி, அதாவது அவர் சம்சாரம், "நாம தூங்கத்தானே போறோம், மானத்தை வாங்காதேங்கோ!" என்று தலையில் அடித்துக்கொள்வார். மாமாவின் பதில் எப்போதும் ஒன்றுதான்: "நாம தூங்குவோம். நாளைக்கு ஏர்றவன் படிக்கணும்."

எனவே ஆபீஸ் செலவிலோ, சொந்தச் செலவிலோ, என்னை மாதிரி ஓசியிலோ பறக்கப் போகும் நண்பர்களே! சிரமம் ஒன்றுமில்லை. ஏறி உட்கார்ந்ததும் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். எரியவில்லையா, பணிப்பெண்ணிடம் சண்டை போடாதீர்கள்; அவர் மாட்டின பல்ப் இல்லை அது. சீட் நம்பரைச் சொல்லி, 'நோட்டில் எழுதிவிடுங்கள்' என்று கேளுங்கள். எரிகிற மாதிரி எரிந்து துடிக்கிறது, பக்கத்து சீட்டில் எரிகிறது என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள்; மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம். இறங்கும்போது, 'எழுதியாச்சா?' என்று இன்னொரு தடவை சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

பிசினஸ் கிளாஸ்காரனுக்கு எதற்குப் பரிதாபம் என்று நினைத்தால், பின்பக்கம் திரும்பிப் பாருங்கள். முதல் வேலைக்குப் போகிற பையன் தன் அக்ரிமென்ட்டை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருப்பான். ரெண்டு வருஷம் கழித்துத் திரும்புகிறவர் மகள் அனுப்பின கடிதத்தை எட்டாவது தடவையாகப் படித்துக்கொண்டிருப்பார். பேனா தட்டுப்பட்டால் யாரிடமும் கடன் வாங்கலாம். கண் தெரியாவிட்டால் யாரையும் படிக்கச் சொல்லலாம். ஆனால் சில காகிதங்களை அவரவர்தான் படிக்க வேண்டும், தனியாக. அதற்குத்தான் அந்த விளக்கு ஒரு ஆள் மடியில் மட்டும் விழுகிற மாதிரி செய்திருக்கிறார்கள்.

உங்களுக்கு அடுத்து அந்த சீட்டில் யார் உட்காரப் போகிறார், அவர் கையில் என்ன காகிதம் இருக்கப் போகிறது? உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எழுதச் சொல்லிவிட்டே இறங்குங்கள்!